வாய் பேசாத கட்சிக்காரர்

ஒரகடம் நாற்சந்தியில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு ஒரு லாரி போகும். அதை முட்டுவதுபோல் தொழிற்சாலை பஸ் ஒன்று வரும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள்காரர் புகுந்து புறப்படுவார். கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் எல்லாம் பிறக்கிற ஊர் இது.

இங்கே நின்றுகொண்டு யானையைப் பற்றிப் பேச்செடுத்தால், "பாவம், வெயில் தலைக்கேறிவிட்டது!" என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் சற்றுப் பொறுங்கள். இந்த ஊரில் பிறக்கும் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. சத்தியமங்கலம் காட்டின் நடுவே, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப் பாதையிலும் லாரிகள் ஏறத்தான் செய்கின்றன. அங்கே இரவு நேரத்தில் சாலையைக் கடக்க வரும் யானைக்கும் லாரிக்கும் தகராறு வந்துவிட்டால், லாரிக்காரருக்குப் பேச சங்கம் இருக்கிறது. வியாபாரிக்குப் பேச வக்கீல் இருக்கிறார். யானைக்கு யார் பேசுவது?

அதற்கும் ஒருவர் இருக்கிறார். சென்னை ஹைகோர்ட்டில் சர்க்காரின் வனத்துறை வழக்குகளை நடத்துவதற்கென்றே நியமிக்கப்படும் சிறப்பு அரசு வழக்கறிஞர் அவர். பேர் என்னவோ சர்க்கார் வக்கீல்தான். கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்குக் கொம்பும் தும்பிக்கையும் சிறகும் உண்டு. ஒருவராவது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதில்லை, பீஸும் கொடுத்ததில்லை!

கட்டும் கட்டும் காகிதம்

இந்த வக்கீலுக்குத் தினமும் புலியும் சிறுத்தையுமாக ஒரே ரசமாகப் பொழுது போகும் என்று நீங்கள் நினைத்தால், ஏமாந்து போவீர்கள். அவர் மேஜையில் இருப்பவை சர்வே நம்பர்கள், பழைய கெஜட் அறிவிப்புகள், கிராமக் கணக்குகள், எல்லைக் கல் விவரங்கள். எதிர்க்கட்சி மனுவின் ஒவ்வொரு பாராவுக்கும் இலாகாவிலிருந்து பதில் குறிப்பு வர வேண்டும். வந்த குறிப்பைச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்து எதிர் உரை தயாரிக்க வேண்டும். ரேஞ்சர் மலை உச்சியில் இருப்பார். வாய்தா நாளை காலை பத்தரை மணிக்கு இருக்கும்.

வழக்குகளில் பெரும் பகுதி நிலத் தகராறுதான். 1882-ம் ஆண்டின் வனச் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் அமலில் இருக்கிறது. அதன்படி ஒரு நிலத்தைக் காப்புக் காடாக ஆக்க வேண்டுமானால், முதலில் 4-வது பிரிவின் கீழ் அறிவிப்பு வெளியிட வேண்டும். அங்கே உரிமை கொண்டாடுகிறவர்களின் பாத்தியதையை விசாரித்து முடிக்க வேண்டும். அதன் பிறகு 16-வது பிரிவின் கீழ் இறுதி அறிவிப்பு வர வேண்டும். முதல் அறிவிப்புக்கும் இறுதி அறிவிப்புக்கும் நடுவில் தலைமுறைகளே கழிந்துபோன இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பட்டாவோடு வந்து, "இது என் பாட்டன் நிலம்" என்கிறார். இலாகா, "இது காடு" என்கிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அங்கேதான் வக்கீலுக்குத் தலைவலி ஆரம்பமாகிறது.

கிளியும் ஒரு வழக்குதான்

இன்னொரு பகுதி, குற்ற வழக்குகள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் வீட்டு வாசல் வரை வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம். ஜோசியக்காரரின் கிளிக்கும் விலக்கு இல்லை. ஊருக்கெல்லாம் எதிர்காலம் சொல்லும் அந்தக் கிளி, தன் எஜமானருக்கு வரப்போகும் ஆபத்தைச் சொன்னதாகத் தெரியவில்லை!

சாலையோரம் மயில் ஒன்று இறந்து கிடந்தால் அது சர்க்கார் சொத்து. எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். முதல் அட்டவணையில் உள்ள பிராணியை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அபராதம் குறைந்தபட்சம் 25,000 ரூபாய் என்று 2022-ல் வந்த திருத்தம் உயர்த்தியிருக்கிறது.

சட்டம் கடுமையானதுதான். ஆனால் கடுமையான சட்டத்தில் கதவுகளும் அதிகம். இந்தச் சட்டத்தின் கீழ் எல்லோரும் வழக்குத் தொடுத்துவிட முடியாது. அதிகாரம் பெற்ற அதிகாரிதான் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். பொதுமக்களில் ஒருவர் கொடுப்பதானால் 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, இலாகா விசாரணையில் சாட்சியம் பதிவு செய்யலாம். பின்னால் அது கோர்ட்டில் செல்லும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவு செய்திருந்தால்தான் செல்லும். நடுக்காட்டில், நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில் ஆளைப் பிடிக்கிற வனக் காவலர் இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனால், சேற்றில் புரண்டு பிடித்த ஆசாமி கோர்ட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வருவார்.

கூடலூர் தந்த இரண்டு வழக்குகள்

காட்டு வழக்கு என்றால் ஏதோ மரம், மட்டை சமாசாரம் என்று எண்ணாதீர்கள். நீலகிரியில் கூடலூர் என்று ஓர் ஊர். அங்கிருந்த ஜன்ம நிலங்களை சர்க்கார் எடுத்துக்கொள்வதற்கு 1969-ல் ஒரு சட்டம் வந்தது. காட்டு நிலத்தையும் அதில் சேர்த்தது சரியா என்ற கேள்வி 1972-ல் சுப்ரீம் கோர்ட் போயிற்று. அந்தச் சட்டத்தை ஒட்டிக் கிளைத்த வழக்கு வளர்ந்துகொண்டே போய், 2007 ஜனவரி 11-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சின் தீர்ப்பில் முடிந்தது. அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் போட்டுவிட்டால் எந்தச் சட்டமும் கோர்ட்டுக்குத் தப்பிவிடும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

அதே கூடலூர் காட்டில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காத நிலம்பூர் கோவிலகத்துப் பெரியவர் ஒருவர், 1995-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். அவர்தான் டி. என். கோதவர்மன் திருமுல்பாடு. 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, "காடு" என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள் என்றது. சொந்தக்காரர் யாராக இருந்தாலும் சரி, காடாக இருப்பது காடுதான் என்று ஆயிற்று. நாடு முழுவதும் அதன் தாக்கம் பரவியது. திருமுல்பாடு 2016-ல் காலமானார். அவர் பெயரில் அந்த வழக்கு அதன் பிறகும் ஓய்ந்தபாடில்லை.

யானை நடக்கும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் சீகூர்ப் பீடபூமியில் யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் பாதை இருக்கிறது. அதிலே உல்லாச விடுதிகள் எழும்பின. மின்சார வேலிகள் முளைத்தன. 2010 ஆகஸ்ட் 31-ல் அந்தப் பகுதியை யானை வழித்தடம் என்று தமிழக சர்க்கார் அறிவித்தது. விடுதிக்காரர்கள் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் ஹைகோர்ட் அறிவிப்பை உறுதி செய்தது. அவர்கள் டில்லிக்குப் போனார்கள். 2020 அக்டோபர் 14-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் ஒரு குழுவும் அமைத்தது.

பத்து வருஷம்! ஒரு குட்டி யானை பிறந்து, தாயின் வாலைப் பிடித்து நடந்து, இளவட்டமாகித் திரியும் காலம். அத்தனை நாளும் வழக்குக் கட்டைச் சுமந்தவர்கள் சர்க்கார் வக்கீல்கள். ஒருவர் போய் ஒருவர் வந்தாலும் கட்டு மட்டும் போகவில்லை.

திம்பம் கதையும் இப்படித்தான். 2019-ல் ஈரோடு கலெக்டர் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதித்தார். அது காகிதத்திலேயே தூங்கியது. 2022 பிப்ரவரியில் ஹைகோர்ட் அதைத் தட்டி எழுப்பியது. தாளவாடி மக்கள், "எங்கள் காய்கறி எப்படிச் சந்தைக்குப் போகும்? நோயாளியை எப்படிக் கொண்டு போவோம்?" என்று தெருவுக்கு வந்தார்கள். நியாயமான கேள்விதானே? அவர்கள் குறையையும் கோர்ட் கேட்டது. உள்ளூர்க்காரர்களுக்குத் தளர்வும் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடுமாகப் பிறகு உத்தரவு திருத்தப்பட்டது. வழக்கு நடத்துவதில் இதுதான் நுட்பம். யானைக்காக வாதாடும்போது, தக்காளிக் கூடையோடு நிற்கும் மனிதரை எதிரியாக்கிவிடக் கூடாது.

சிறு வழக்குகளும் உண்டு. நீலகிரிக் காட்டில் வீசப்படும் மதுப் புட்டிகள் உடைந்து யானையின் காலைக் கிழிக்கின்றன. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் காசைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஹைகோர்ட் சொல்லி 2022-ல் அங்கே வந்தது. குடிப்பதை யாராலும் நிறுத்த முடியவில்லை; புட்டியையாவது நிறுத்தினார்கள்!

கட்சிக்காரர் யார்?

இனி, சிரிப்பதற்கு இடமில்லாத ஒரு சங்கதி.

தர்மபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி என்று ஒரு மலைவாழ் மக்கள் கிராமம். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அங்கே புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். எல்லோரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023-ல் அதே செப்டம்பர் 29-ல், ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்தார். அந்தப் பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டார்.

காட்டின் வக்கீலாக இருக்க ஆசைப்படும் ஒவ்வோர் இளைஞரும் இந்த வழக்கை ஒரு தடவை படிக்க வேண்டும். "என் கட்சிக்காரர் யார்? இலாகாவா? காடா? அல்லது இரண்டுக்கும் மேலான சட்டமா?" என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இலாகா சொல்வதை அப்படியே ஒப்பிப்பவர் தபால்காரராக இருக்கலாம். வக்கீலாக இருக்க முடியாது. "இந்த விஷயத்தில் தப்பு நம் பக்கம்" என்று தம்மிடம் வரும் அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வேண்டும். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, காட்டில் வாழும் மனிதருக்கும் காட்டில் உரிமை உண்டு. புலியின் பக்கம் பேசுவதற்காக மலை ஜாதியாரின் குடிசையைப் பிரிக்க வேண்டியதில்லை.

கறுப்பு அங்கி போடாத வக்கீல்கள்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கற்பட்டைத் தாண்டித் தெற்கே போனால் வேடந்தாங்கல் வருகிறது. அங்கே கூடு கட்ட வரும் பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் சுட்டு விளையாடினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த குடியானவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1790-களில் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். வனவிலங்குச் சட்டம் பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றெண்பது வருஷங்களுக்கு முன்!

1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த எல்லையைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோது, எதிர்ப்பும் வழக்கும் கிளம்பின. 2022-ல் வேடந்தாங்கலும் அடுத்துள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலகமே கவனிக்கும் நீர்நிலைகளாயின.

வாசகர்களே, அந்தக் குடியானவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். ஆனால் வழக்குக்கு வேண்டிய மூன்றும் அவர்களிடம் இருந்தன: கண்ணால் கண்ட சாட்சியம், இன்ன நஷ்டம் என்று சொல்லத் தெரிந்த கணக்கு, போய்க் கேட்கும் துணிச்சல். சர்க்கார் வக்கீல் ஒருவரே எல்லா ஏரியையும் காத்துவிட முடியாது. உங்கள் ஊர் ஏரிக்கரையில் லாரி லாரியாக மண் கொட்டினால், தேதியும் நேரமும் குறித்து ஒரு மனு எழுதிப் போடுங்கள். என்றோ ஒருநாள் கோர்ட்டில் அந்த ஒரு தாள்தான் வாய் பேசாதவர்களின் வாயாக இருக்கும்.