ஃபியூஸ் இல்லாத குழாய்

4.2-ஐ 0.1-ஆல் வகுத்தால் 42. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சொந்தக் கையால் இ-சிகரெட் செய்து ஊதுகிறவர்களின் விரலும் பல்லும் தொடையும் பத்திரமாக இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலில்தான் இருக்கிறது.

4.2 என்பது முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் அயான் செல்லின் வோல்ட். 0.1 என்பது அதோடு இணைக்கும் கம்பிச் சுருளின் மின்தடை, ஓம் கணக்கில். விடையாக வந்த 42, செல்லிலிருந்து பாயும் மின்னோட்டம், ஆம்பியரில். நம் வீட்டில் ஏசிக்கென்று கனத்த ஒயர் தனியாக இழுத்து 20 ஆம்பியர் எம்சிபி மாட்டுகிறோம். அதைப் போல் இரண்டு மடங்கு மின்னோட்டத்தைக் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு செல்லிடம் கேட்கிறார் அந்த மனிதர். அதையும் வாயில் வைத்துக்கொண்டு கேட்கிறார்.

இப்போதைய இ-சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். ஆரம்பத்தில் வந்தவை நிஜ சிகரெட் அளவுக்கே இருந்தன; உள்ளிருந்த பேட்டரியும் பொடிசு. கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோகும். சில ஆண்டுகளிலேயே கைவேலை தெரிந்தவர்கள் டார்ச் லைட் குழாயை எடுத்து, பல்பு இருந்த இடத்தில் சுருளைப் பொருத்தி, பெரிய செல்லைப் போட்டு ஊத ஆரம்பித்தார்கள். மாற்றியமைத்தது என்பதால் ‘மோட்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரானிக் பாகம் ஒன்றுகூட இல்லாத ரகத்துக்கு ‘மெக் மோட்’ என்று பெயர். ஒரு பித்தளை அல்லது செம்புக் குழாய், உள்ளே செல், அடியில் ஒரு பித்தான், தலையில் சுருள். சுருளைச் சுற்றிய பஞ்சில் திரவம் ஊறியிருக்கும். பித்தானை அமுக்கினால் சுருள் பழுக்கும், திரவம் ஆவியாகும். அவ்வளவுதான்.

கடையில் கிடைக்கும் பெட்டி ரகங்களில் செல்லுக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு சர்க்யூட் போர்டு காவல் நிற்கும். மின்தடை குறைந்தாலோ, ஷார்ட் ஆனாலோ, செல் இறங்கிப்போனாலோ கரன்ட்டை நிறுத்திவிடும். மெக் மோடில் அந்தக் காவல் இல்லை, ஃபியூஸும் இல்லை. காவல்காரர் வேலையை ஊதுகிறவரே பார்த்தாக வேண்டும், ஒவ்வொரு அமுக்கலுக்கும். ஆவி நிறைய வருகிறது, குழாய் பார்க்க அழகாக இருக்கிறது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக் ஓட்டுகிற ஜம்பம் போலத்தான் படுகிறது.

2018 மே மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 38 வயதுக்காரர் ஒருவர் தன் வீட்டில் இறந்துகிடந்தார். வெடித்த மெக் மோடின் துண்டுகள் மண்டைக்குள் பாய்ந்திருந்தன. அறையும் பற்றி எரிந்திருந்தது. 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் பகுதியில் 24 வயது இளைஞர் ஒருவர் ஒரு கடைக்கு வெளியே காரில் இருந்தபோது இ-சிகரெட் வெடித்து, உலோகச் சில்லு கழுத்துத் தமனியைக் கிழித்தது. இரண்டு நாளில் அவரும் போய்விட்டார்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 தொடங்கி 2016 முடிய நடந்த சம்பவங்களைத் திரட்டி 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 195 தீ அல்லது வெடிப்பு. காயம்பட்டவர்கள் 133 பேர், அதில் 38 பேருக்குப் படுகாயம். இது கடைச் சரக்கும் கைவேலையும் சேர்ந்த கணக்கு. ஆனால் எந்த நேரத்தில் வெடித்தது என்று பிரித்துக் காட்டிய இடம்தான் கவனிக்க வேண்டியது. வாயில் வைத்து ஊதும்போது 60. சார்ஜ் ஏறும்போது 48. சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ சும்மா கிடந்தபோது 61.

சும்மா கிடந்த செல் ஏன் வெடிக்கிறது? அதற்கு அந்தச் செல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் செத்துப்போன ஒரு லேப்டாப் பேட்டரியை, டார்ச்சுக்கு ஆகுமே என்று பிரித்தேன். உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பேர். கடைசி பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. மேலே பச்சையில் மெல்லிய பிளாஸ்டிக் சட்டை. அந்தச் சட்டையை நான் வெறும் லேபிள் என்று நினைத்திருந்தேன். நிக்கல் பட்டையை உரிக்கும்போது ஒரு செல்லின் தோளில் சட்டை லேசாகக் கிழிந்தது. டுவீசர் முனை ஒன்று அந்தக் கிழிசலிலும் மற்றது நடுக் குமிழிலும் பட்டதுதான் தாமதம், சடக்கென்று ஒரு பொறி. டுவீசர் முனையில் ஒரு குழி விழுந்துவிட்டது. இத்தனைக்கும் அது செத்த பேட்டரி.

விஷயம் இதுதான். இந்தச் செல்லின் அடிப்பக்கம் மட்டும் நெகட்டிவ் அல்ல. அடி, பக்கவாட்டு உலோகம், மேல் விளிம்பு எல்லாமே நெகட்டிவ். நடுவில் இருக்கும் குமிழ் மட்டும் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே மேல்தட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்கே ஒரு வெள்ளைக் காகித வளையமும், சுற்றிலும் அந்த பிளாஸ்டிக் சட்டையும் இருப்பதால் பிழைத்துக்கொண்டிருக்கிறோம். பையில் தனி செல்லைப் போட்டு, கூடவே வீட்டுச் சாவியும் ரெண்டு ரூபாய்க் காசும் கிடந்தால் என்ன ஆகும் என்று இனி விளக்க வேண்டாம். அந்த 61-ல் எல்லாமே சாவிக்கொத்தால் வந்தவை அல்ல; ஆனால் தனி செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சட்டை கிழிந்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டு ஹீட் கன்னில் சுருக்கிவிடலாம், அது மலிவுதான். உடம்பு நசுங்கிய செல் குப்பைக்கு.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீளமான உலோகப் பட்டைகள் பாய் சுருட்டியது போல் சுருண்டிருக்கும். அவை ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் செல் சூடாகி 130 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அந்தப் படலம் இளக ஆரம்பிக்கும். பட்டைகள் தொட்டுக்கொண்டால் மேலும் சூடு. அந்தச் சூட்டில் பாசிட்டிவ் பக்க ரசாயனம் ஆக்சிஜனை விடும். அதற்கப்புறம் எரிவதற்கு வெளிக்காற்றே தேவையில்லை. வாயு பீறிட மேல்தட்டில் ஒரு வழி வைத்திருப்பார்கள். செல் வெட்டவெளியில் இருந்தால் சீறி அடங்கும். இறுக்க மரை போட்டு மூடிய பித்தளைக் குழாய்க்குள் இருந்தால்? அது பைப் அல்ல, குண்டு. அதனால்தான் குழாய் செய்கிறவர் செல்லின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும் வாயு போகத் துளை போட்டே ஆக வேண்டும். ஊசித்துளை போதாது. அலங்காரம் கெடுகிறது என்று துளையை விட்டுவிடுகிறவர் செய்யும் குழாயைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு செல்லுக்கும் ‘இத்தனை ஆம்பியர்வரை நிற்காமல் கொடுப்பேன்’ என்று தயாரிப்பாளர் சொல்லும் ஓர் எல்லை உண்டு. நல்ல ரகங்களில் அது 20 ஆம்பியர் வாக்கில் இருக்கும். லேப்டாப்பிலிருந்து பிரித்தவற்றில் அதைவிட மிகவும் குறைவு. 0.5 ஓம் சுருள் என்றால் 8.4 ஆம்பியர், தாங்கும். 0.2 ஓம் என்றால் 21. 20 ஆம்பியர் செல் வரப்பைத் தாண்டிவிட்டது. சுருளைச் சுற்றியதும் மல்டிமீட்டரில் அளந்தேன் என்பார்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஒயர் முனைகளுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். அதை வைத்து 0.2 ஓம் சுருளை அளப்பது மளிகைக்கடைத் தராசில் மூக்குத்தியை நிறுப்பது மாதிரி. சிறிய மின்தடைக்கென்றே உள்ள ஓம் மீட்டர் வேண்டும். அளப்பதும் ஒரு தடவை போதாது. திருகு தளர்ந்தாலும், சுருளின் கால் உலோக மேடையில் சாய்ந்தாலும் எண் மாறிவிடும்.

செல் இரண்டை வரிசையாக அடுக்கி 8.4 வோல்ட் ஆக்குகிற ஆசையும் பலருக்கு வரும். அதே 0.2 ஓமுக்கு மின்னோட்டம் 42 ஆம்பியர். சூடு 350 வாட்டைத் தாண்டும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சோல்டரிங் கம்பியே 25 வாட்தான். போதாததற்கு, அடுக்கிய இரண்டும் வண்டியில் பூட்டிய ஜோடி மாடு. ஒன்று இளைத்திருந்தால் மற்றது அதை இழுத்துக்கொண்டு ஓடும். இளைத்தது பூஜ்யத்துக்கும் கீழே போய்த் தலைகீழாகச் சார்ஜ் ஏறும். ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் போட்ட ஜோடியை மட்டும் சேர்க்கலாம் என்பது அந்த வட்டாரத்தில் பழகியவர்களின் விதி.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி சுருள் மேடையின் அடியில் இருக்கிறது. இ-சிகரெட் பாகங்கள் பெரும்பாலும் ஒரே அளவு மரையில் பூட்டிக்கொள்ளும். அதற்கு 510 என்று பெயர். மரைக்கு நடுவே ஒரு பாசிட்டிவ் ஊசி. சில மெக் மோடுகளில் அந்த ஊசி நேராகச் செல்லின் குமிழைத் தொடும், இடையில் வேறு எதுவும் கிடையாது. ஊசி மரையைவிட நன்றாகத் துருத்திக்கொண்டு இருந்தால் சரி. மட்டமாக இருந்தால் மரையின் விளிம்பே செல்லின் மேல்தட்டில் குமிழையும் விளிம்பையும் சேர்த்து அமுக்கிவிடும். பித்தானைத் தொடாமலே ஷார்ட். டுவீசரில் எனக்கு நடந்தது அங்கே மூடிய குழாய்க்குள் நடக்கும். பித்தானுக்குப் பூட்டு வளையம் இல்லாத குழாய் பையில் அழுந்தினாலும் இதே கதைதான்.

போர்டு வைத்துச் செய்கிறவர்களுக்கு இந்தப் பயங்கள் பாதி குறையும். அவர்கள் செல்லின்மேல் நேராக ஈயம் வைக்கக் கூடாது; சூடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தைக் கெடுக்கும். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது கழற்றி மாட்டும் செல் கூடு வைக்கலாம். சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிற்கிறதா என்று முதல் தடவை மீட்டரை வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது போனுக்கே நல்லதில்லை.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாம். லித்தியம் என்றதும் பள்ளியில் படித்தது ஞாபகம் வந்து பலர் தயங்குவார்கள். இந்த ரகச் செல்லில் தனி உலோகமாக லித்தியம் இருப்பதில்லை. தேவை குளிர்ச்சி, அதைத் தண்ணீர் தரும். மணல் மூடும், குளிர்விக்காது. புகையை மட்டும் சுவாசிக்கக் கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். செல் கசிந்து பட்ட புண்ணை வெறும் தீக்காயம் என்று சொல்லாமல், பேட்டரியால் வந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திரவமும் வீட்டில் கலக்கிறார்கள். அதற்கென்று அமெரிக்காவில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள அடர்த்தியான சரக்கு கிடைக்கும். ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் போவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அந்தத் திரவம் தோல் வழியாகவே ஏறும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கிற கூலியாட்களுக்குத் தலைசுற்றி வாந்தி வருவது இதனால்தான். கையுறை இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று நிகோட்டின் திரவத்தைக் குடித்து இறந்தது. அதன்பின் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி அங்கே சட்டமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கடையில் விற்கவே முடியாது. எண்ணெய் எதையும் சேர்க்கக் கூடாது என்பதற்கு 2019 சாட்சி: பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சாச் சத்துக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட் நுரையீரலைக் கெடுத்து, 2020 பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 68 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி: 2019-ல் வந்த மத்தியச் சட்டம் இ-சிகரெட்டை விற்பதை மட்டுமல்ல, தயாரிப்பதையும் தடை செய்கிறது. முதல் தடவைக்கு ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் செல்லுக்குத் தடை இல்லை. அது சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. டார்ச்சிலும் பவர் பேங்கிலும் கை விசிறியிலும் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. என் மேசையில் இப்போது ஒன்று கிடக்கிறது, மலிவான டார்ச்சோடு வந்தது. சட்டையில் 9,900 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். இந்த அளவுச் செல்லில் உலகத்தின் நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் எட்டியிருப்பதே 3,500-ஐ ஒட்டித்தான். உண்மையான செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். இதைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 29 கிராம். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதில் எங்கேயும் போடவில்லை.