வழி கூறும் மரபு

சப்ரகமுவத் தோட்டங்களிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு நூலகம் என்பது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகளுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் எம் பாடசாலைகளில், ஓர் அலுமாரி நிறைய நூல் இருப்பின் அதுவே பெருஞ்செல்வம். பேரகராதியைப் புரட்டுவதற்கென்றே யான் கொழும்புக்குப் பஸ் ஏறிய நாட்கள் உண்டு. இன்றோ, லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் மாணவி தன் கைத்தொலைபேசியிலே சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் திறந்து சொற்பொருள் காண்கிறாள். அதற்குக் கட்டணம் கேட்பாரில்லை. இக்கொடையை நாம் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறோம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) குறித்த ஒப்படை ஒன்றை என்னிடம் தந்தாள். அதில் இரு பத்திகளின் நடை அவளுடையதன்று. தேடிப் பார்த்தபோது, அவை தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எழுத்துப் பிசகாது பெயர்க்கப்பட்டவை என அறிந்தேன். "பிறர் பொருளைச் சொல்லாமல் எடுப்பதற்கு என்ன பெயர்?" என்று வகுப்பிலே கடிந்தேன். அவள் தலை கவிழ்ந்து நின்றாள்.

பாடம் முடிந்த பின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "ஐயா, போன வருடத்துப் பாடசாலை மலரில் நீங்கள் எழுதின கட்டுரையை வாசித்தேன். அந்த விஷயமெல்லாம் 'நூலகம்' தளத்தில் இருக்கிற பழைய சஞ்சிகை ஒன்றிலும் இருக்கிறது. அதன் பெயரை நீங்கள் போடவில்லையே, அப்படிச் செய்யலாமா ஐயா?" என்றாள். அக்குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. யான் விடை கூற இயலாது நின்றேன். அவள் கூறியது முற்றும் உண்மை. எழுதியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின, கேட்பார் யார் என்ற எண்ணமே அன்று என்னை வழிநடத்தியது.

நிற்க. மூலத்தைக் குறிப்பிடுதல் மேனாட்டு ஆராய்ச்சியாளரிடமிருந்து நாம் கற்ற வழக்கம் என்பார் உளர். நன்னூல் பயின்றோர் அவ்வாறு கூறார். சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டினுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வைக்கப்பட்டிருப்பது 'வழி' என்பதாகும். இந்நூல் எந்நூலின் வழியாக வந்தது என்று கூறுதல் அது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாடும் இக்கடன் உணர்ச்சியிலிருந்து எழுந்ததே. வழிநூல் செய்தல் இழிவன்று. வழியை மறைத்தலே இழிவு.

இதனால் விளைந்த நன்மையும் பெரிது. குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாக நமக்குக் கிடைத்தில. உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டமையாலும், புறத்திரட்டுப் போன்ற தொகைகளில் இடம்பெற்றமையாலுமே அவற்றின் சில பாடல்களேனும் எஞ்சின. நூற்பெயர் சுட்டாது உரைகளில் ஆளப்பட்ட செய்யுட்கள் பல, இன்று எந்நூலைச் சார்ந்தவை என்று அறியப்படாது தாயற்ற மகவுபோல் நிற்கின்றன. ஒரு பெயரை எழுதாது விட்டதன் விலை அது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளிலே ஏடு உதவியோரின் பெயர்களை நன்றியோடு குறித்து வைத்ததன் அருமை இங்கே விளங்கும்.

இன்று ஏடு உதவுவோர் யாவர்? 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்து வாழ் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களின் உழைப்பால் இணையத்தில் ஏற்றிற்று. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டெழுதியோர், பிழை திருத்தியோர் பெயர்கள் உள்ளன. அம்முகப்பைச் சிதைக்காது எவரும் நூலைப் பரப்பலாம் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. யாழ்ப்பாணத்திற் பிறந்த இ. மயூரநாதன் முன்னின்று வளர்த்த தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட நம் நாட்டிலே, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005இல் 'நூலகம்' எழுந்தது. இவர்கள் நம்மிடம் பொருள் கேட்டிலர். பெயரையும் நாம் மறைப்பின் அது நன்றி கோறலாகும்.

மாணவர்க்கு நடைமுறையாகச் சில சொல்வேன். விக்கிப்பீடியாவை ஆளும்போது கட்டுரைத் தலைப்பையும் தளத்தின் பெயரையும் பார்த்த நாளையும் குறித்தல் வேண்டும். அங்கே எவரும் திருத்தலாம் ஆகலின், இன்றுள்ள வாசகம் நாளை மாறலாம். பழைய வடிவங்கள் அதன் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். அதனை எடுத்தாள உரிமம் இடந்தருகிறது. மூலத்தைக் கூறுக, மாற்றி வெளியிடின் அதே உரிமையைப் பிறர்க்கும் தருக என்பன அதன் நிபந்தனைகள். கலைக்களஞ்சியம் வாயில் மட்டுமே. கட்டுரையின் அடியிற் காட்டிய நூல்களுட் புகுந்து செய்தியைச் சரிபார்த்தல் ஆராய்வோன் கடமை. 'நூலகம்' தளத்தில் ஒரு நூலைக் கண்டால், ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை முதலில் எழுதி, கண்ட இடத்தைப் பின்னர் எழுதுக. அங்கே படிக்கக் கிடைப்பதனாலேயே மறுபதிப்புச் செய்யும் உரிமை நமக்கு வந்துவிடாது. பதிப்புரிமை காலம் கடந்தால் ஒழியும். கல்விக் கடன் ஒழிவதில்லை.

இவ்வாண்டு மலரிலே, முந்திய கட்டுரைக்குரிய மூலத்தைப் பெயருடன் கூறி, என் பிழையையும் ஒப்புக்கொண்டு குறிப்பொன்று எழுதினேன். எழுதுகையில் கை கூசிற்று; எழுதி முடித்ததும் நெஞ்சு இலேசாயிற்று. அம்மாணவியும் ஒப்படையைத் திருத்தி எழுதினாள். வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர் என்பதை அறிந்தபின், தன் பாட்டி பாடிய கொழுந்துப் பாட்டொன்றையும் அதிற் சேர்த்திருந்தாள். இறுதிப் பக்கத்தில் விக்கிப்பீடியாவின் பெயருக்கும் நூல்களின் பெயர்களுக்கும் கீழே, பாட்டியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் பாடக் கேட்ட நாளும் இருந்தன. நம் தோட்டங்களில் இத்தகைய பாட்டிமார் இன்னும் எத்தனையோ பேர் உளர். அவர்தம் பாடல்கள் பெயரோடு ஏட்டில் ஏறுமாறு செய்தல், இந்நாளைய ஆசிரியரும் மாணவரும் ஆற்றத்தக்க தமிழ்த் தொண்டாகும்.