சொல்தாவும் கம்பமும்

பிரெஞ்சுப் பண்பாட்டை அறிய விழைவோர்க்குப் பாரிஸ் நகரையே காட்டுவது வழக்கம். பிரான்சோ பல வட்டாரங்களின் தொகுதி. சாக்லேட் பொதிந்த ஒரே ரொட்டியைப் பாரிசில் ‘பேன் ஓ ஷோக்கோலா’ என்பர். தென்மேற்கில் ‘ஷோக்கோலத்தீன்’ என்பர். இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பெத்தாங்கு, தெற்கே புரோவான்சு வட்டாரத்தில் பிறந்தது. புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகிறது.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நான்கு பகுதிகளுள் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் வழங்கியவை. மாகி மலையாளமும் ஏனாம் தெலுங்கும் வழங்கியவை. ஆட்சி ஒன்றாயினும் அன்றாட வாழ்வு ஒன்றாகவில்லை.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைப் புதுச்சேரித் தமிழர் ‘சொல்தா’ என்பர். பிரெஞ்சு எழுத்தில் இச்சொல்லின் இறுதியில் ஒரு தகர மெய் உண்டு, ஒலிப்பில் இல்லை. மக்கள் இதனை ஏட்டிலிருந்து அன்று, செவிவழியே பெற்றனர் என்பதற்கு அதுவே சான்று. மலாய்க் ‘கம்போங்’ ஜொகூர்த் தமிழர் நாவில் ‘கம்பம்’ ஆனதும் இவ்வாறே. அயல் ஈறு தமிழ் ஈறாயிற்று.

மாணவர் கட்டுரையில் ‘கம்பம்’ கண்டால் ஆசிரியர் பிழையென வாளா அடித்தல் வேண்டா. ‘எழுத்திற்குச் சிற்றூர், வீட்டுப் பேச்சிற்குக் கம்பம்’ என விளக்குக. விளக்கமின்றி அடித்தால், சொல்லோடு அது வந்த வரலாறும் மாணவர்க்கு மறைந்துபோகும்.