ஹைதராபாத்திலிருந்து அளக்கப்படும் இமயம்

இமயமலைப் பனியாறுகளைப் பார்க்க யாரும் ஹைதராபாத்துக்குப் போவதில்லை. ஆனால் அவை உருகித் தேங்கும் ஏரிகளின் கணக்கு, அந்நகரின் பாலாநகரில் உள்ள, இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தில்தான் இருக்கிறது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளில் கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட 28,043 ஏரிகளை ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து அந்த மையம் அட்டவணைப்படுத்தியிருக்கிறது.

பனியை விட்டுவிட்டு ஏரியை ஏன் எண்ண வேண்டும்? வெப்பம் ஏற ஏறப் பனியாறு மேல்நோக்கிப் பின்வாங்குகிறது. முன்பு அது தள்ளிவந்து குவித்த கல்லும் மண்ணும் கரையாக நிற்க, விட்டுப்போன பள்ளத்தில் உருகுநீர் சேர்கிறது. பனியாற்றின் விளிம்பைப் பல இடங்களில் கற்குவியல் மூடிவிடும். படத்தில் பிரித்தறிவது கடினம். நீரோ அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக் கறுப்பாகத் தெரியும். மலை நிழலும் கறுப்புதான் என்பதால், நிலத்தின் உயரத் தரவை வைத்து அதைக் கழிக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் இஸ்ரோ வெளியிட்ட கணக்கு கவலை தருகிறது. பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984 முதல் கணிசமாக விரிந்துள்ளன. அவற்றில் 601 இரு மடங்குக்கும் மேல். இமாசலப் பிரதேசத்தின் கேபாங் காத் ஏரி 1989இல் 36.49 ஹெக்டேர், 2022இல் 101.30.

விரிந்த ஏரி என்ன செய்யும் என்பதை சிக்கிம் கண்டுவிட்டது. அங்குள்ள தெற்கு லோனாக் ஏரி உடைய 42 சதவீத வாய்ப்பு உண்டு என்று இதே மையத்தின் விஞ்ஞானிகள் 2013லேயே எழுதியிருந்தார்கள். 2016இல் குழாய் போட்டு நீரை வடிக்கும் முயற்சியும் நடந்தது. 2023 அக்டோபர் 3 இரவு, உறைந்திருந்த பக்கச் சரிவு ஏரிக்குள் இடிந்து விழுந்தது; எழுந்த அலை கரையை உடைத்தது. செப்டம்பர் 28 படத்தில் 167.4 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4 படத்தில் 60.3 ஹெக்டேர். சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணை அடித்துச் செல்லப்பட்டது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் நூற்றுக்கும் மேல். முன்னெச்சரிக்கைக் கருவிகளை நிறுவும் பணி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அறிவியல் தன் கடமையைச் செய்தது; பத்தாண்டு அவகாசமும் தந்தது. வீணானது அந்த அவகாசம்தான். விரிந்துவரும் 676 ஏரிகளில் 130 இந்திய எல்லைக்குள் உள்ளன. அவற்றில் ஊர்களுக்கு மேலே இருக்கும் ஒவ்வொன்றிலும் நீர்மட்டக் கருவியும், கீழே அபாயச் சங்கும் வைக்கும் வேலையை மத்திய, மாநில அரசுகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.