ஒரு மாதத்தில் ஒரு நாவல்

பால்மரம் வெட்டப் போகிறவர் விடியற்காலையில் எழுந்து கத்தியைத் தேடுவதில்லை. முதல் நாள் மாலையே அதைத் தீட்டி, வாளியையும் கழுவி வைத்துவிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதை அவர் அறிவார். முப்பது நாளில் நாவல் எழுதத் துணிபவருக்கும் இத்தகைய முன்னேற்பாடு வேண்டும்.

முப்பது நாளில் நாவலா என்று வியக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் இம்முயற்சியில் இறங்கினர். மறு ஆண்டு முதல் நவம்பர் மாதம் இதற்கென ஒதுக்கப்பட்டது. ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் எழுத வேண்டும். பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது. இதை நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்தது. ஆயினும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாதமும் இருந்தால், நாமே நமக்கு இப்பந்தயத்தை வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

அதன் விதிகளில் ஒன்று நமக்குப் பெரிதும் உதவும். கதையை முதல் தேதியில்தான் எழுதத் தொடங்க வேண்டும். திட்டத்தை மட்டும் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 50,000 சொற்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,667 சொற்கள் எழுத வேண்டும். வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகளையும் கவனிப்பவருக்கு அது கடினம். நாளுக்கு 500 சொற்கள் எழுதினாலும் மாத முடிவில் 15,000 சொற்கள் சேரும். அது ஒரு நல்ல குறுநாவல்.

அடுத்து, கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பது அதில் இருக்கட்டும். ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். 1950களிலும் 60களிலும் நம் நாட்டில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. இந்தப் பின்னணியில், “பங்குப் பணம் கட்ட விரும்பும் மனைவியும், ஊருக்கே திரும்பிவிட நினைக்கும் கணவனும்” என்று எழுதினால் கதைக்கு விதை கிடைத்துவிட்டது.

அதன்பின் முப்பது அத்தியாயங்களுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். முதல் ஆறில் மனிதர்களும் அவர்களின் சிக்கலும் தெரியட்டும். நடுவில் பதினெட்டில் சிக்கல் இறுகட்டும். கடைசி ஆறில் முடிவு வரட்டும். முடிவை முன்கூட்டியே அறிந்தவர் நடுவழியில் திகைத்து நிற்கமாட்டார். எழுதும்போது பாதை மாறினால் மாறட்டும். திட்டம் வழிகாட்டியே தவிர விலங்கன்று.

மூன்றாவதாக, ஆட்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். கங்காணி பேசுவதுபோல் கிராணி பேசமாட்டார். அவரவர் ஆசை என்ன, அச்சம் என்ன, பேச்சு எப்படி என்று எழுதி வையுங்கள்.

நான்காவதாக, செய்திகளை முன்பே திரட்டுங்கள். பிரட்டு எத்தனை மணிக்கு? ஒருவருக்கு எத்தனை நிரை? கூலி என்ன? இவற்றை விசாரிக்க எழுதும் மாதத்தில் நேரம் இராது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று கேட்கலாம். தமிழகத்திலிருந்து வந்து நம் தோட்டங்களைப் பார்த்த அகிலன் அவர்கள் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். நம் நாட்டு அ. ரெங்கசாமி அவர்கள் சயாம் மரண இரயில் பாதையின் துயரத்தை ‘நினைவுச் சின்னம்’ என்ற நாவலாக்கினார். ஆனால் நெகிரி செம்பிலானில் உங்கள் லயத்தின் கதையை எழுத வேண்டியவர் யார்? பால்மரம் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் சிரம்பானுக்கும் பிற பட்டணங்களுக்கும் போய்விட்டன. துண்டாடலைக் கண்ணால் கண்டவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்கள் போனபின் கேட்பதற்கு ஆளில்லை.

ஆகவே எழுதும் மாதம் எதுவானாலும், அதற்கு முந்திய மாதத்தில் வீட்டுப் பாட்டியின் அருகில் நோட்டுப் புத்தகத்துடன் அமருங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் சொல்லட்டும். முதல் தேதி வந்ததும், பிழை திருத்த நிற்காமல் எழுதிச் செல்லுங்கள். திருத்துவதற்கு அடுத்த மாதம் இருக்கிறது.