கையெழுத்து மாணவருடையது; காசு ஏஜெண்டுக்கு! வெளிநாட்டு படிப்பு ஆசையில் ஏமாந்த குடும்பங்கள்

சென்னை-

நள்ளிரவில் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு போனால் இந்த காட்சியை பார்க்கலாம்.

வேன் வைத்துக்கொண்டு குடும்பமே வந்து நிற்கும். நடுவில் ஒரு வாலிபர். பக்கத்தில் இரண்டு பெரிய பெட்டிகள். "23 கிலோவுக்கு மேல போயிடுச்சாம்" என்று ஒரு பெட்டியை அங்கேயே திறந்து போட்டு, குக்கரை எடுப்பதா, பருப்பு பொடியை எடுப்பதா என்று அம்மாவும் அத்தையும் தகராறு பண்ணிக்கொண்டு இருப்பார்கள். அப்பா மட்டும் ஒரு ஓரமாக நிற்பார். அவர் நினைப்பு எல்லாம் வங்கியில் இருக்கும் வீட்டு பத்திரத்தின் மேல்!

பையன் கனடா போகிறான். இல்லாவிட்டால் லண்டன், அமெரிக்கா. அவன் தோள் பையில் ஒரு பைல். அதற்குள் கல்லூரியின் அனுமதி கடிதம்.

அந்த கடிதம் நிஜமானதா?

இந்த ஒரு கேள்வியை கேட்காமல் விட்டதால் அந்நிய மண்ணில் தெருவில் உட்கார்ந்தவர்களின் கதை இது.

"சீட் நிரம்பி விட்டது!"

பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் ஒரு ஏஜெண்டு ஆபீஸ் வைத்து இருந்தார். கனடாவில் பெயர் பெற்ற கல்லூரிகளில் இடம் வாங்கி தருவதாக சொல்லி, பீஸ், கமிஷன் என்று தலைக்கு 16 லட்சம் ரூபாய் போல வாங்கினார். கல்லூரியின் அனுமதி கடிதமும் கொடுத்தார். அதை வைத்து கனடா அரசு விசாவும் கொடுத்தது.

விமானம் ஏறி அங்கே போய் இறங்கியதும் ஏஜெண்டிடம் இருந்து போன் வரும். அந்த கல்லூரியில் இடம் நிரம்பி விட்டது, ஆறு மாதம் காத்து இரு, அல்லது வேறு கல்லூரியில் சேர்ந்து கொள் என்பார். கல்லூரி பீசை திருப்பியும் கொடுத்து விடுவார். பணம் திரும்பி வந்தால் யாருக்கு சந்தேகம் வரும்? "பரவாயில்லையே, நல்ல மனுஷன்" என்றுதான் நினைக்க தோன்றும்.

மாணவர்கள் வேறு கல்லூரியில் சேர்ந்தார்கள். ஒழுங்காக படித்தார்கள். பாஸ் செய்தார்கள். வேலை பார்க்க பெர்மிட்டும் கிடைத்தது. கடைசியில், அங்கேயே நிரந்தரமாக தங்க மனு போட்டார்கள்.

அப்போதுதான் அதிகாரிகள் பழைய பைலை புரட்டினார்கள். முதன் முதலில் கொடுத்த அனுமதி கடிதமே போலி!

"நாட்டை விட்டு வெளியேறு" என்று நோட்டீஸ் பறந்தது. இது 2023-ம் ஆண்டு நடந்தது. 700 பேர் வரை சிக்கி இருப்பதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. பெரும்பாலோர் பஞ்சாப் பிள்ளைகள். டொரோன்டோ அருகே மிஸ்ஸிசாகாவில் எல்லை பாதுகாப்பு அலுவலகம் முன்பு கூடாரம் போட்டு, இரவு பகலாக தர்ணா இருந்தார்கள்.

அதன் பிறகுதான் கனடா அரசு இறங்கி வந்தது. நிஜமாகவே படிக்க வந்தவர் யார், தெரிந்தே ஏமாற்றியவர் யார் என்று ஒவ்வொரு பைலாக பார்க்க குழு போட்டது. அதுவரை வெளியேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆபீசை பூட்டிவிட்டு மாயமான ஏஜெண்டு, 2023 ஜூனில் கனடாவுக்குள் நுழைய முயன்றபோது பிடிபட்டார். 2024-ல் வான்கூவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3 ஆண்டு ஜெயில்.

கில்லாடித்தனம்

இதில் ஏஜெண்டு செய்த கில்லாடித்தனம்தான் முக்கியம்.

விசா மனுவில் எந்த இடத்திலும் அவர் கையெழுத்து இல்லை. மாணவரே சொந்தமாக மனு போட்டது போல காகிதங்களை தயார் செய்து இருந்தார். கையெழுத்து மாணவருடையது. ஆகவே, சட்டத்தின் பார்வையில் பொய் ஆவணம் கொடுத்தவரும் மாணவரேதான்! கனடா சட்டப்படி இதற்கு தண்டனை, நாடு கடத்தலோடு 5 ஆண்டு காலம் அந்த நாட்டு பக்கமே தலை காட்ட முடியாது என்பது.

வாத்தியார் இல்லாத கல்லூரி

கடிதம் போலியாக இருப்பது ஒரு ரகம். கல்லூரியே போலியாக இருப்பது இன்னொரு ரகம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் பிளசன்டன் நகரில் நடந்த "டிரை வேலி" பல்கலைக்கழகத்துக்கு 2011-ல் சீல் வைக்கப்பட்டது. விசாவுக்காக காகிதம் விற்ற கடை அது. படித்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திர மாணவர்கள். சிலருடைய காலில், எங்கே போகிறார் என்று காட்டும் ரேடியோ பட்டையை கட்டி விட்டார்கள். படிக்க போன பிள்ளைக்கு காலில் பட்டை! இந்தியா கண்டனம் தெரிவித்தது. பல்கலைக்கழகத்தை நடத்திய பெண்ணுக்கு 2014-ல் 16 ஆண்டு ஜெயில்.

எட்டு ஆண்டு கழித்து அதைவிட பெரிய அதிர்ச்சி. மிச்சிகன் மாநிலத்தில் "பார்மிங்டன்" பல்கலைக்கழகம். போர்டு இருந்தது. ஆபீஸ் இருந்தது. வகுப்பு இல்லை. வாத்தியாரும் இல்லை. நடத்தியது யார் தெரியுமா? அமெரிக்க அரசின் குடியேற்ற போலீசார்! விசா மோசடிக்காரர்களை பிடிக்க விரித்த வலை அது. சுமார் 600 பேர் பணம் கட்டி சேர்ந்தார்கள். 2019 ஜனவரி கடைசியில் வலையை இழுத்தார்கள். முதல் சுற்றில் கைதானவர்களில் 129 பேர் இந்தியர்கள். ஆள் சேர்த்து கொடுத்த 8 ஏஜெண்டுகள் மீதும் வழக்கு.

"தெரிந்தே சேர்ந்தார்கள்" என்றது அரசு தரப்பு. "அரசாங்க பட்டியலில் பெயர் இருந்ததை நம்பி ஏமாந்தார்கள்" என்றனர் மாணவர்களின் வக்கீல்கள். எப்படி இருந்தாலும், ஒரு மாதமாக வகுப்பே நடக்காத கல்லூரியில் இருந்து உடனே விலகியாக வேண்டும் என்பதுதான் பாடம்.

போன பிறகு

நல்ல கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் அங்கே பூப்படுக்கை இல்லை.

வந்து இறங்குவதற்கு முன்பே "ரூம் இருக்கு, அட்வான்ஸ் அனுப்பு" என்று போட்டோ காட்டி பணம் சுருட்டும் கூட்டம் இருக்கிறது. போய் பார்த்தால் அந்த விலாசத்தில் வேறு ஆள் குடி இருப்பார். "குடியேற்ற அதிகாரி பேசுகிறேன், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கைது" என்று வரும் போனும் அந்த ஜாதிதான்.

"பார்ட் டைம் வேலை பார்த்தே பீஸ் கட்டிடலாம்" என்று இங்கே சொல்லும் கணக்கு அங்கே உதைக்கும். பாட நாட்களில் கனடாவில் வாரம் 24 மணி நேரம்தான் வெளி வேலை. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு 20 மணி. அமெரிக்காவிலும் 20 மணிதான்; அதுவும் முதல் வருடம் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும். அதற்கு மேல் பார்த்தால் விசாவுக்கே உலை. கனடா போக, பீஸ் தவிர சாப்பாடு, வாடகைக்கு மட்டும் 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் விதி வந்தது. 2023 முடிய இது 10 ஆயிரம் டாலராக இருந்தது.

இந்த கஷ்டத்தை பிள்ளைகள் வீட்டில் சொல்வது இல்லை. "சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா கேட்டால் "ஆச்சும்மா" என்று பதில் வரும்.

உஷார்!

* அனுமதி கடிதம் வந்ததும், கல்லூரியின் சொந்த இணைய தளத்தில் உள்ள விலாசத்துக்கு நீங்களே மெயில் அனுப்பி கேளுங்கள். ஏஜெண்டு கொடுக்கும் விலாசம் வேண்டாம். 2023 டிசம்பர் முதல் கனடா அரசே ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடம் கேட்டு சரி பார்க்கிறது. ஆனால் அது, பணம் கட்டிய பிறகு நடக்கிற காரியம்.

* பீசை கல்லூரி கணக்குக்கே கட்டுங்கள். ஏஜெண்டு கணக்குக்கு கட்டாதீர்கள்.

* விசா மனுவில் பையன் கையெழுத்து போடும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் படித்து நகல் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். வெற்று தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

* இறங்கியதும் "கல்லூரியை மாற்று" என்று போன் வந்தால், நேராக முதல் கல்லூரிக்கு போய் "என் பெயர் இருக்கிறதா?" என்று கேட்கணும்.

ஜலந்தர் பிள்ளைகள் அந்த கல்லூரி வாசலுக்கு போய் கேட்டு இருந்தால், படிப்பு முடியும் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே குட்டு உடைந்து இருக்கும்.

பதறாத காரியம் சிதறாது. வீட்டு பத்திரம் பீரோவை விட்டு வெளியே வருவதற்கு முன்னால், அந்த ஒரு மெயில் போகட்டும்.