வீடு தந்தார்கள், அக்கம்பக்கம் போய்விட்டது!

ஜப்பான் நாட்டில் கோபே என்று ஒரு நகரம் இருக்கிறது. பெரிய துறைமுகம். முன்னால் கடல், பின்னால் மலை. இரண்டுக்கும் நடுவே நாடா போல நீண்டு கிடக்கிறது ஊர்.

1995-ம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி. விடியற்காலை 5 மணி 46 நிமிடம். கடுங்குளிர் காலம். ஊர் தூங்கிக்கொண்டு இருந்தது.

பூமி குலுங்கியது!

சுமார் 20 விநாடிதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கனமான ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள் அப்படியே அமுங்கின. உள்ளே தூங்கியவர்களில் பலர் எழுந்திருக்கவே இல்லை. தூண்கள் மேல் கட்டப்பட்டு இருந்த நெடுஞ்சாலை பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பல இடங்களில் தீப்பிடித்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து போயிருந்தன. அதனால் தீயை அணைக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

கோபேயிலும் சுற்றுப்புற ஊர்களிலும் 6,434 பேர் மாண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் அடியோடு நாசமாயின. 3 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடு வாசலை விட்டு வெளியே வந்தார்கள்.

மாண்டவர்களுக்காக அழக்கூட நேரம் இல்லை. பிழைத்தவர்கள் அன்று இரவு எங்கே படுப்பது?

பள்ளிக்கூடத்தில் குடித்தனம்

பள்ளிக்கூடங்களின் கதவுகள் திறந்தன. உடற்பயிற்சிக் கூடங்களில் பாயும் போர்வையும் விரித்து, குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஓர் அட்டைப் பெட்டிதான் சுவர்.

ஒரு வாரம் இப்படி இருக்கலாம். ஒரு மாதம் இருக்கலாம். வருடக்கணக்கில் இருக்க முடியுமா? பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவது என்றால், முதலில் இடிபாடுகளை அள்ள வேண்டும். பிறகு தெருவை அளக்க வேண்டும். பணம் புரட்ட வேண்டும். ஆள் தேட வேண்டும். இதற்கு இரண்டு, மூன்று வருடம் ஆகும்.

கூடாரத்துக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் காலத்தைக் கழிக்கத்தான் “தற்காலிக வீடு” வேண்டும்.

ஏழு மாதத்தில் 48 ஆயிரம் வீடு

தற்காலிக வீட்டுக்கு என்ன இலக்கணம்?

சீக்கிரமாக எழும்ப வேண்டும். விலை மலிவாக இருக்க வேண்டும். மழை, குளிர், வெயில் மூன்றையும் தாங்க வேண்டும். வேலை முடிந்ததும் சுலபமாகப் பிரித்து எடுக்கவும் முடியவேண்டும்.

ஜப்பானியர் இதில் கெட்டிக்காரர்கள். சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே தனித்தனியாகச் செய்து, லாரியில் ஏற்றி வருவார்கள். வந்த இடத்தில் திருகாணி போட்டு முடுக்கினால் வீடு!

கோபேயிலும் சுற்றுப்புறத்திலும் இப்படி சுமார் 48,300 வீடுகளை ஏழே மாதத்தில் எழுப்பினார்கள். ஒரு வீடு சுமார் 280 சதுர அடி. இரண்டு சிறிய அறை, அடுப்படி, குளியல் அறை. வாடகை இல்லை.

உலகமே மூக்கின் மேல் விரலை வைக்கும் வேலை இது. ஆனால், ஒரு தவறு நேர்ந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த தவறு அல்ல. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான்!

குலுக்கல் சீட்டு

வீடு கேட்டவர்கள் ஏராளம். தயாரான வீடுகளோ கொஞ்சம். யாருக்கு முதலில் கொடுப்பது?

“வயதானவர்களுக்கும், உடல் ஊனம் உள்ளவர்களுக்கும், துணை இல்லாத தாய்மார்களுக்கும் முதலில் கொடுப்போம். மீதியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்போம்” என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

இதில் என்ன குற்றம் சொல்ல முடியும்? நியாயமான பேச்சுதான்.

ஆனால், கோபே மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஊர். நகரத்துக்குள்ளே காலி மனை கிடையாது. சமதரை இருந்தது எல்லாம் தூரத்துப் புறநகரிலும், கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுகளிலும்தான். தற்காலிக வீடுகளில் பெரும்பாலானவை அங்கேதான் எழும்பின.

விளைவு?

ஒரே தெருவில் 40 வருடம் கூடி வாழ்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலைக்குப் போனார்கள். எதிர் வீட்டுப் பாட்டிக்குக் கிழக்கே வீடு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மேற்கே வீடு. காய்கறிக் கடைக்காரர் இன்னும் பள்ளிக்கூடத்தில்.

வரிசையாக நின்ற புதுவீடுகளில் எங்கே பார்த்தாலும் வயதானவர்கள். ஒருவருக்கு ஒருவர் முன்பின் தெரியாது. பழகிய வைத்தியர் கிடையாது. உரக்கக் கூப்பிட்டால் ஓடிவரும் இளைஞர்கள் கிடையாது.

கதவைத் தட்ட ஆள் இல்லை

பிறகு, ஒவ்வொன்றாகச் செய்தி வரத் தொடங்கியது.

தனியாக இருந்த ஒருவர் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார். யாருக்கும் தெரியவில்லை. சிலருடைய மரணம் பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

இப்படித் தன்னந்தனியே சாவதைக் குறிக்க ஜப்பானிய மொழியில் “கொடோகுஷி” என்று ஒரு வார்த்தை இருக்கிறது. “தனிமைச் சாவு” என்று பொருள்.

கோபே பூகம்பத்துக்குப் பின்னர் கட்டிய தற்காலிக வீடுகளில் நடந்த தனிமைச் சாவுகள் 233!

பூகம்பத்தில் தப்பியவர்கள் இவர்கள். நெருப்பில் தப்பியவர்கள். தலைக்கு மேல் கூரை இருந்தது. தண்ணீர் இருந்தது. விளக்கு இருந்தது. “என்ன, இன்றைக்குக் கதவே திறக்கவில்லையே?” என்று கேட்க ஓர் ஆள் மட்டும் இல்லை.

அதிகாரிகள் சும்மா இருந்துவிடவில்லை. வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். நர்சுகளும் தொண்டர்களும் கதவைத் தட்டினார்கள். குடியிருப்புகளில் பொதுக் கூடம் கட்டி, தேநீர் கொடுத்து, நாலு பேர் கூடிப் பேச வழி செய்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு என்று கட்டிய வீடுகள் அவை. கடைசிக் குடும்பம் காலி செய்தது 2000-ம் ஆண்டு ஜனவரியில். ஐந்து வருடம்!

காகிதத்தில் ஒரு வீடு

அதே கோபேயில் வேறு ஒரு காட்சியும் நடந்தது.

நகாட்டா என்ற பகுதியில் வியட்நாமில் இருந்து வந்த அகதிகள் சிலர் குடியிருந்தார்கள. அங்கே இருந்த செருப்புத் தொழிற்சாலைகளில் அவர்களுக்கு வேலை. அவர்களுடைய வீடுகளும் போய்விட்டன. தூரத்தில் வீடு கொடுத்தால் போக முடியாது, பிழைப்புப் போய்விடும். ஆகவே, பூங்காவில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, அதன் அடியில் கிடந்தார்கள்.

அவர்களைத் தேடி வந்தார், டோக்கியோவைச் சேர்ந்த ஷிகெரு பான் என்ற கட்டிட நிபுணர். அப்போது அவருக்கு வயது 37.

“உங்களுக்குக் காகிதத்தில் வீடு கட்டித் தருகிறேன்” என்றார்.

காகிதத்தில் வீடா?

ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயை எல்லோரும் பார்த்து இருப்பார்கள். காகிதத்தைப் பசை போட்டு, சுற்றிச் சுற்றிச் செய்த குழாய் அது. அதை ஒடித்துப் பார்த்தால் அதன் பலம் தெரியும். பான் பல வருடமாக அந்தக் குழாயைச் சோதித்து வந்தார்.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டு அகதிகளுக்காக ஒரு யோசனையும் சொல்லி இருந்தார். 1994-ல் அங்கே அகதிகளுக்குப் பிளாஸ்டிக் விரிப்புகள் கொடுத்தார்கள். கூடாரக் கால் நட அவர்கள் மரங்களை வெட்டினார்கள். காடு அழிந்தது. மரத்துக்குப் பதில் அலுமினியக் குழாய் கொடுத்தார்கள். அகதிகள் அதை விற்றுவிட்டு, மறுபடியும் மரம் வெட்டினார்கள்! “காகிதக் குழாய் கொடுங்கள். அதை யாரும் விற்க மாட்டார்கள்” என்றார் பான்.

கோபேயில் அவர் கட்டிய வீடு இதுதான்:

அஸ்திவாரத்துக்குப் பீர் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள். அவை ஆடாமல் இருக்க உள்ளே மணல் மூட்டை. சுவருக்கு, சுமார் நாலே கால் அங்குல விட்டமுள்ள காகிதக் குழாய்கள் வரிசையாக நிற்கும். குழாய்க்கும் குழாய்க்கும் இடையே தண்ணீர் புகாத பஞ்சுப் பட்டை. மேலே கூடாரத் துணி. குழாய் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு.

ஒரு வீட்டுக்கு ஆன சாமான் செலவு 2 ஆயிரம் டாலருக்கும் குறைவு. கட்டியவர்கள் கைதேர்ந்த கொத்தனார்கள் அல்ல. கோடை விடுமுறையில் வந்த மாணவர்கள்!

இன்னொன்றையும் பான் மறக்கவில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே 6 அடி இடம் விட்டார். அங்கே உட்கார்ந்து அடுத்த வீட்டாரோடு பேசலாம். பூங்காவை விட்டு யாரும் தூரம் போகவில்லை. வேலை பக்கத்தில், உறவு பக்கத்தில்.

கடல் தாண்டிய கோவில்

பக்கத்தில் இருந்த மாதா கோவில் தீயில் எரிந்துபோய் இருந்தது. அதையும் காகிதக் குழாயில் கட்டினார் பான். 58 குழாய்கள். 160 தொண்டர்கள். 5 வாரத்தில் வேலை முடிந்தது.

மூன்று வருடம் நின்றால் போதும் என்று நினைத்துக் கட்டிய கோவில், பத்து வருடம் நின்றது. 2005-ல் அதைப் பிரித்தார்கள். தூக்கிப் போடவில்லை. 1999-ல் பூகம்பத்தில் சிக்கிய தைவான் நாட்டுக்குக் கொடுத்தார்கள். 2008-ல் அங்கே ஒரு கிராமத்தில் அதைத் திரும்ப நிறுத்தினார்கள். இப்போது அது ஊர்ப் பொதுக் கூடம்.

நம் நாட்டிலும் பான் காகித வீடு கட்டி இருக்கிறார். 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, குஜராத்தில் பூஜ் நகரம் பூகம்பத்தில் விழுந்தது அல்லவா? அங்கே பீர்ப் பெட்டி தேடிக்கொண்டு இருக்கவில்லை. இடிந்த கட்டிடத்தின் கல்லையே அஸ்திவாரமாகப் போட்டு, மேலே அந்த ஊர் வழக்கப்படி மண் மெழுகினார். கூரைக்கு மூங்கில். அதன்மேல் உள்ளூரில் முடைந்த பாய். இரண்டு பாய்களுக்கு நடுவே மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு. பாயின் கண் வழியே காற்று வரும்; அடுப்புப் புகை போகும்.

எந்த ஊரோ, அந்த ஊர் சாமான். எந்தத் தெருவோ, அந்தத் தெரு மக்கள். அவருடைய சூத்திரம் இதுதான். 2014-ல் கட்டிடக் கலை உலகின் மிகப் பெரிய பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

படித்த பாடம்

233 சாவுகளை ஜப்பான் மறக்கவில்லை.

2004-ம் ஆண்டு அக்டோபரில் நிகாட்டா மாகாணத்தில் பூகம்பம் வந்தது. யமகோஷி என்ற மலைக் கிராமத்தின் மக்கள் அனைவரையும் ஹெலிகாப்டரில் கீழே இறக்கினார்கள். தற்காலிக வீடு கொடுத்தபோது சீட்டுக் குலுக்கவில்லை. சிற்றூர் சிற்றூராகப் பிரித்து, பழைய அக்கம்பக்கத்தை அப்படியே குடிவைத்தார்கள்.

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி சுனாமி வந்தது. ஒனகாவா என்ற கடலோர ஊரை அலை வாரிக்கொண்டு போயிற்று. வீடு கட்டச் சமதரை இல்லை. இருந்த விளையாட்டு மைதானமோ சிறியது.

“தரை இல்லாவிட்டால் மேலே போவோம்” என்றார் பான். கப்பலில் சரக்கு ஏற்றும் 20 அடி இரும்புப் பெட்டிகளை இரண்டு, மூன்று மாடியாக அடுக்கினார். சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் போல, ஒரு பெட்டி, ஓர் இடைவெளி, ஒரு பெட்டி என்று வைத்தார். பெட்டியில் படுக்கை அறையும் குளியல் அறையும். இடைவெளியில் காற்றும் வெளிச்சமும் நிறைந்த கூடம். 189 குடும்பங்கள் அவர்களுடைய ஊரிலேயே தங்கின!

இல்லாத ஊருக்கு வந்த புயல்

ஆபத்து வந்த பிறகு யோசிப்பதைவிட, வருமுன் யோசித்தால் என்ன?

அமெரிக்காவில் நியூயார்க் நகர நிர்வாகம் 2007-ல் இதைத்தான் செய்தது. கற்பனையாக ஒரு பேட்டையை உண்டாக்கி, அதற்குப் பெயரும் வைத்தார்கள். கற்பனையாக ஒரு புயலை அதன்மேல் ஏவினார்கள். “38 ஆயிரம் குடும்பங்களுக்கு வீடு இல்லை. அவர்களை அதே இடத்தில் குடிவைக்க வேண்டும். எப்படி?” என்று போட்டி வைத்தார்கள். 30 நாடுகளில் இருந்து 117 விடைகள் வந்தன.

2012-ம் ஆண்டு அக்டோபரில் ‘சாண்டி’ என்ற நிஜப் புயலே வந்துவிட்டது! அப்போது திட்டம் காகிதத்தில்தான் இருந்தது. 2014-ல், நகரத்தின் புரூக்ளின் பகுதியில் மாதிரி வீடு எழுந்தது. தொழிற்சாலையில் செய்த அறைகளை லாரியில் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று மாடி வீடு. ஒரு தெருவின் மக்களை அந்தத் தெருவிலேயே வைக்க வேண்டுமானால், நெருக்கமான நகரத்தில் மாடி தவிர வேறு வழி இல்லை. நகர ஊழியர்களே உள்ளே தங்கி, குறை நிறை பார்த்தார்கள்.

ஒரு நகரம் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டியவை மூன்று.

எந்த மைதானத்தில் வீடு எழும்பும்?

சாமான் எங்கிருந்து வரும்?

எந்தத் தெருக்காரர்கள் எந்த வரிசையில் குடியிருப்பார்கள்?

முதல் இரண்டையும் என்ஜினீயர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது, கோபேயில் விட்டுப்போன கேள்வி. அதற்கு இரும்பும் சிமெண்டும் வேண்டாம். தெரு வாரியாகப் பெயர் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.